ஒரு சங்கமும் ஒரு பத்திரிகையும்: டப்ளின் போக்குவரத்துத் தொழிலாளர் வரலாறு

முன்னுரை

தொழிற்சங்கம் என்றதும் கொடி, கோஷம், வேலைநிறுத்தம் ஆகியவைதாம் நம் நினைவுக்கு வரும். சங்கம் நடத்தும் பத்திரிகையை யாரும் அவ்வளவாகக் கண்டுகொள்வதில்லை. ரயில்வேயிலோ துறைமுகத்திலோ வங்கியிலோ வேலை பார்த்த நம் வீட்டுப் பெரியவர்கள் மாதாமாதம் ஒரு சங்க இதழைக் கொண்டுவந்து போடுவார்கள். அது கொஞ்ச நாள் அலமாரியில் கிடக்கும், பிறகு பழைய பேப்பர்காரரிடம் போய்ச் சேரும். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று புரட்டிப் பார்த்த பிள்ளைகள் குறைவுதான்.

ஆனால் ஒரு சங்கத்தையும் அதன் பத்திரிகையையும் பிரித்துப் பார்க்கவே முடியாத வரலாறு ஒன்று உண்டு. அயர்லாந்தின் தலைநகரான டப்ளினில் 1909 முதல் 1916 வரை நடந்தது அது. 'ஐரிஷ் போக்குவரத்து மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம்' என்ற அமைப்பும், அது நடத்திய 'ஐரிஷ் ஒர்க்கர்' என்ற வார இதழும் சேர்ந்து ஒரு நகரத்தையே புரட்டிப் போட்டன.

அயர்லாந்து கதை நம் மலரில் எதற்கு என்று கேட்கலாம். இரண்டு காரணங்கள் உண்டு. முதலாவது, அந்தச் சங்கத்தை நடத்திய இரு பெருந்தலைவர்களுமே அயர்லாந்துக்கு வெளியே, பிழைக்கப் போன ஐரிஷ் குடும்பங்களில் பிறந்தவர்கள். சொந்த மண்ணைவிட்டு வந்து பிள்ளைகளை வளர்க்கும் நம்மைப் போன்றவர்களுக்கு அது சுவையான செய்தி. இரண்டாவது, அந்தப் போராட்டம் நடந்த ஆண்டில் டப்ளினுக்குப் படிக்கப் போன சென்னை மாகாணத்து இளைஞர் ஒருவர், பின்னாளில் இந்திய ரயில்வேத் தொழிலாளர் இயக்கத்தைக் கட்டியவர்களில் ஒருவரானார். அவரைப் பற்றிக் கட்டுரையின் பிற்பகுதியில் காண்போம்.

டப்ளினும் அதன் கூலிக்காரர்களும்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் டப்ளின் பெரிய ஆலைகள் நிறைந்த ஊர் அல்ல. துறைமுகம், வண்டிப் போக்குவரத்து, டிராம், பீர் ஆலை, பிஸ்கட் ஆலை என்று சிலவே இருந்தன. வேலை தேடுவோர் கூட்டமோ ஏராளம். கப்பல் வந்தால் சரக்கு இறக்க ஆள் வேண்டும், வராவிட்டால் அன்றைக்குக் கூலி இல்லை. காலையில் துறைமுக வாசலில் நிற்கும் கூட்டத்திலிருந்து மேஸ்திரி கைகாட்டுகிறவனுக்குத்தான் வேலை. கூலியையும் பல இடங்களில் மதுக்கடையில் வைத்துத்தான் கொடுத்தார்கள். அங்கே குடிக்காமல் எழுந்து வந்தால் மறுநாள் மேஸ்திரியின் கண் அவன்மேல் படாது. சாதாரணக் கூலியாளின் வாரச் சம்பளம் 18 ஷில்லிங் அளவில் இருந்தது, பலருக்கு அதுவும் நிச்சயமில்லை.

வசிப்பிடமோ இதைவிட மோசம். ஒரு காலத்தில் சீமான்கள் வாழ்ந்த மாளிகைகள் பாழடைந்து, அறைக்கு ஒரு குடும்பம் என்று வாடகைக்கு விடப்பட்டன. 1913-இல் நடந்த அரசு விசாரணையின் கணக்குப்படி, சுமார் 26,000 குடும்பங்கள் இத்தகைய கட்டடங்களில் வாழ்ந்தன. அவற்றில் 20,000-க்கும் மேற்பட்டவை ஒற்றை அறையில் குடித்தனம் நடத்தின. நகரசபை உறுப்பினர்கள் சிலரே இந்த வீடுகளுக்குச் சொந்தக்காரர்கள் என்பதும் அந்த விசாரணையில் வெளிவந்தது. அப்புறம் குறையை யாரிடம் போய்ச் சொல்வது?

சங்கம் பிறந்த கதை

ஜேம்ஸ் லார்கின் 1874-இல் இங்கிலாந்தின் லிவர்பூல் நகரில், பிழைப்புத் தேடி வந்த ஐரிஷ் பெற்றோருக்குப் பிறந்தார். சிறு வயதிலேயே வேலைக்குப் போய், துறைமுகத்தில் மேஸ்திரி நிலைக்கு உயர்ந்தவர். 1905-இல் தம் கீழ் வேலை செய்தவர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது அவர்களோடு தாமும் இறங்கிவிட்டார். மேஸ்திரி வேலை போயிற்று, துறைமுகத் தொழிலாளர் தேசியச் சங்கத்தின் அமைப்பாளர் வேலை வந்தது.

1907-இல் அந்தச் சங்கம் அவரை பெல்ஃபாஸ்ட் நகருக்கு அனுப்பியது. கத்தோலிக்கர், புராட்டஸ்டன்டு என்று இரண்டாகப் பிரிந்து கிடந்த ஊர் அது. இரு பிரிவுத் துறைமுகத் தொழிலாளர்களையும் வண்டிக்காரர்களையும் அவர் ஒரே வேலைநிறுத்தத்தில் சேர்த்தார். காவலர்களில் ஒரு பகுதியினரே அப்போது கட்டுப்பாட்டை மீறினார்கள். இங்கிலாந்தில் இருந்த தலைமையோ செலவைப் பார்த்துப் பயந்து, உள்ளூர்க்காரர்களைக் கேட்காமலே சமரசம் பேசி முடித்தது. டப்ளினிலும் கார்க்கிலும் அடுத்தடுத்து இதே இழுபறி. கடைசியில் 1908 டிசம்பரில் தலைமை லார்கினைப் பணிநீக்கம் செய்தது. அவர் சும்மா இருப்பாரா? அந்த மாதக் கடைசியிலேயே அயர்லாந்துக்கென்று தனிச் சங்கம் தொடங்க முடிவாயிற்று. 1909 ஜனவரியில் புதிய சங்கம் இயங்கத் தொடங்கியது.

துறைமுகக் கூலி, வண்டிக்காரர், டிராம் ஊழியர், கட்டட வேலையாள், ஆலைத் தொழிலாளி என எல்லோரும் சேரக்கூடிய ஒரே சங்கம் என்பது இதன் சிறப்பு. அதுவரை தச்சர், அச்சுக்கோப்பவர் போன்ற கைத்தொழில் தேர்ந்தவர்களுக்கு மட்டுமே பலமான சங்கங்கள் இருந்தன. 1910-இல் பழைய சங்கத்தின் பணக் கணக்கு தொடர்பான வழக்கில் லார்கினுக்கு ஓராண்டுச் சிறைத் தண்டனை கிடைத்தது. பொதுமக்கள் மனுப்போட்டு, சில மாதங்களில் அவர் வெளியே வந்தார். வெளியே வந்தவருக்கு ஒன்று புரிந்தது. கூட்டத்தில் பேசுவது கூட்டத்தோடு கலைந்துவிடுகிறது. மறுநாள் காலைப் பத்திரிகையில் வருவதைத்தான் ஊர் நம்புகிறது. பத்திரிகைகள் எல்லாம் முதலாளிகள் கையில். ஆகவே நமக்கென்று ஒன்று வேண்டும்.

ஒரு பென்னி இதழ்

1911 மே 27 அன்று 'ஐரிஷ் ஒர்க்கர்' முதல் இதழ் வெளிவந்தது. விலை ஒரு பென்னி, ஆசிரியர் லார்கின். சில மாதங்களுக்குள் வாரம் ஏறக்குறைய 20,000 படிகள் விற்பனையாகும் நிலைக்கு வந்துவிட்டது. அன்றைய அயர்லாந்தில் கொள்கை பேசும் இதழ்கள் எதுவும் இந்த எண்ணிக்கையை எட்டியதில்லை. படித்த நடுத்தர வகுப்பினரிடம் செல்வாக்குப் பெற்றிருந்த ஆர்தர் கிரிஃபித்தின் 'ஷின் ஃபெய்ன்' இதழ்கூட அவ்வளவு விற்றதில்லை. ஓர் இதழ் ஒருவர் கையோடு நிற்பதுமில்லை. ஒருவர் வாங்கினால் வீடு முழுக்கச் சுற்றிவரும், எழுத்துத் தெரியாதவர்களுக்கு யாராவது வாசித்துக் காட்டுவார்கள். நம்மூர் டீக்கடையில் தினத்தந்தி வாசித்த கதைதான்.

அப்படி என்னதான் எழுதினார்கள்? பெரிய தத்துவ விளக்கம் ஒன்றும் அதிகம் இல்லை. இன்ன தெருவில் இன்ன எண் வீட்டில் கூரை ஒழுகுகிறது, வாடகை இவ்வளவு, சொந்தக்காரர் இன்ன நகரசபை உறுப்பினர் என்று எழுதினார்கள். இன்ன கடையில் பெண்களுக்கு வாரக்கூலி இவ்வளவுதான், இன்ன மேஸ்திரி கைநீட்டிக் காசு வாங்குகிறான், இன்ன வேலைநிறுத்தத்தில் கருங்காலியாகப் போனவர்கள் இவர்கள் என்று பெயரோடு அச்சிட்டார்கள். அவதூறு வழக்குகள் வந்தன, இதழ் நின்றுவிடவில்லை. மதுக்கடையில் கூலி கொடுக்கும் வழக்கத்தை எதிர்த்துத் தொடர்ந்து எழுதியதும் இதன் பணிகளில் ஒன்று.

கூலி வேலை செய்கிறவனுடைய வாழ்க்கை அச்சில் வரத்தக்கது என்று அந்த ஊரில் முதன்முதலாகச் சொன்னது இந்த இதழ் எனலாம். அதுவரை அவன் பெயர் பத்திரிகையில் வந்தது போலீஸ் கோர்ட்டுச் செய்தியில் மட்டுமே.

எழுதியவர்களும் சாமானியர்கள் அல்லர். ரயில்வேயில் மண்வெட்டி பிடித்த கூலித் தொழிலாளியான ஷான் ஓ'கேசி இதில் எழுதிப் பழகித்தான் பின்னாளில் உலகறிந்த நாடக ஆசிரியரானார். லார்கினின் தங்கை டீலியா லார்கின் பெண் தொழிலாளர் பகுதியைக் கவனித்தார். 1911-இல் தொடங்கிய ஐரிஷ் பெண் தொழிலாளர் சங்கத்தின் குரல் அந்தப் பக்கங்களில்தான் ஒலித்தது. சங்க அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்த எர்னஸ்ட் கவனா கேலிச்சித்திரம் வரைந்தார். பெருங்கவிஞர் யேட்ஸ்கூட 1913 நவம்பரில் மதவெறியைத் தூண்டியவர்களைக் கண்டித்து இந்த இதழில் எழுதினார்.

இரு பத்திரிகைகளின் சண்டை

லார்கினுக்கு எதிர்ப்பக்கம் நின்றவர் வில்லியம் மார்ட்டின் மர்ஃபி. டப்ளின் டிராம் கம்பெனியின் தலைவர், பெரிய ஜவுளி அங்காடிக்கும் ஓட்டலுக்கும் உரிமையாளர், முன்னாள் நாடாளுமன்ற உறுப்பினர். இத்தனையோடு, அரை பென்னி விலையில் நாடெங்கும் விற்ற 'ஐரிஷ் இண்டிபென்டன்ட்' நாளிதழும் அவருடையதே. ஆக, ஒரு பக்கம் முதலாளியின் அரை பென்னி நாளிதழ், மறுபக்கம் தொழிலாளியின் ஒரு பென்னி வார இதழ். மர்ஃபியைக் கொடுங்கோலன் என்றும் ரத்தம் குடிக்கும் காட்டேரி என்றும் லார்கின் வாராவாரம் எழுதினார். மர்ஃபியின் தாளோ லார்கினை ஊரைக் கெடுக்க வந்த வெளியூர்க்காரன் என்று காட்டியது.

1913 போராட்டமும் பத்திரிகை அலுவலகத்தில்தான் தொடங்கியது என்பதைக் கவனிக்க வேண்டும். அந்த ஆகஸ்டு நடுவில், தம் நாளிதழின் அனுப்புகைப் பிரிவில் சங்கத்தில் சேர்ந்திருப்பதாகச் சந்தேகப்பட்ட சுமார் 40 பேரை மர்ஃபி வேலையைவிட்டு நீக்கினார். தெருவில் பேப்பர் விற்கும் பையன்கள் அவருடைய தாளைத் தொட மறுத்தார்கள். ஆகஸ்டு 26 காலையில், குதிரைக் கண்காட்சிக்காக ஊரெல்லாம் விருந்தாளிகள் நிறைந்திருந்த வாரத்தில், டிராம் ஊழியர்கள் சங்கத்தின் செங்கைச் சின்னத்தைச் சட்டையில் குத்திக்கொண்டு, வண்டிகளை நடுத்தெருவில் நிறுத்திவிட்டு இறங்கிப் போனார்கள். எல்லா ஊழியரும் வரவில்லை. சில மணி நேரத்தில் கம்பெனி வண்டிகளை மறுபடி ஓட்டியும் விட்டது. ஆனால் தீ பற்றிவிட்டது.

ஆகஸ்டு 30, 31 தேதிகளில் காவலர் தடியடியில் பலநூறு பேர் காயமடைந்தனர், உயிரிழப்பும் ஏற்பட்டது. தடையை மீறிப் பேசுவேன் என்று சொல்லியிருந்த லார்கின், தாடி ஒட்டிக் கிழவர் வேடத்தில் மர்ஃபியின் சொந்த ஓட்டலுக்குள்ளேயே நுழைந்து, மாடத்தில் நின்று பேசிக் கைதானார்! செப்டம்பர் 2 அன்று சர்ச் தெருவில் பழைய குடியிருப்பு இடிந்து விழுந்து ஏழு பேர் மாண்டார்கள். இதழ் இரண்டு ஆண்டாக எழுதிவந்ததற்கு அதைவிடக் கொடிய சாட்சி வேண்டியிருக்கவில்லை.

உறுதிமொழிச் சீட்டு

செப்டம்பர் 3 அன்று மர்ஃபியின் தலைமையில் நூற்றுக்கணக்கான முதலாளிகள் கூடி ஒரு முடிவெடுத்தார்கள். ஒவ்வொரு தொழிலாளியும் ஒரு சீட்டில் கையெழுத்துப் போட வேண்டும். போக்குவரத்துச் சங்கத்தில் இருந்தால் விலக வேண்டும், இல்லாவிட்டால் சேரமாட்டேன், எந்த வகையிலும் உதவமாட்டேன் என்று எழுதித் தர வேண்டும். மறுத்தால் வேலை இல்லை. வரலாற்றில் இது 'டப்ளின் கதவடைப்பு' எனப்படுகிறது.

இங்கேதான் யாரும் எதிர்பாராதது நடந்தது. அந்தச் சங்கத்தில் உறுப்பினரே அல்லாத பல்லாயிரம் பேர் கையெழுத்துப் போட மறுத்துவிட்டார்கள். லார்கினோடு முரண்பட்டிருந்த கட்டட வேலையாள் சங்கத்தாரும் அதில் அடக்கம். "நான் அந்தச் சங்கத்தில் இல்லை, சரி. ஆனா சேரக்கூடாதுன்னு எழுதிக் கொடுன்னு கேட்க நீ யாரு?" என்பது அவர்கள் நிலை. சுமார் 20,000 பேர் வேலை இழந்தார்கள். அவர்களை நம்பியிருந்த குடும்பங்களையும் சேர்த்தால் நகரத்தின் பெரும் பங்கு. சங்கத் தலைமையகமான லிபர்ட்டி ஹாலில் கஞ்சிக்கூடம் திறந்தார்கள். பிரிட்டன் தொழிற்சங்கங்கள் அனுப்பிய உணவுக் கப்பல் செப்டம்பர் 27 அன்று வந்து சேர்ந்தது. பட்டினி கிடக்கும் குழந்தைகளை இங்கிலாந்துத் தொழிலாளர் வீடுகளில் கொஞ்ச நாள் தங்கவைக்கலாம் என்ற திட்டத்தை, பிள்ளைகளின் மதம் கெட்டுவிடும் என்று சொல்லிக் கத்தோலிக்கத் திருச்சபை தடுத்தது. அந்த மாதங்களில் எது எங்கே கிடைக்கும், யார் கைதானார், யார் விட்டுக்கொடுத்தார் என்பதை நகரத் தொழிலாளர்கள் தெரிந்துகொண்டது பெரும்பாலும் 'ஐரிஷ் ஒர்க்கர்' வழியாகத்தான்.

தோல்வியும் அதில் பத்திரிகையின் பங்கும்

புகழ்ந்தே எழுதிக்கொண்டு போவது வரலாறு ஆகாது. இதழின் பலமே அதன் பலவீனமாகவும் ஆனது. லார்கினின் பேனாவுக்கு எதிரி, நண்பன் என்ற வேறுபாடு தெரியாது. அனுதாப வேலைநிறுத்தம் செய்யத் தயங்கிய பிரிட்டன் சங்கத் தலைவர்களை அவர் மேடையிலும் தாளிலும் கடுமையாகத் தாக்கினார். 1913 டிசம்பர் 9 அன்று லண்டனில் கூடிய தொழிற்சங்கக் காங்கிரசின் சிறப்பு மாநாடு, அனுதாப வேலைநிறுத்தக் கோரிக்கையைப் பெரும்பான்மையாக நிராகரித்தது. கொள்கை வேறுபாடுதான் முதற்காரணம் என்றாலும், பட்ட சொல் ஆறாத வடுவாக இருந்ததும் உண்மை. திருவள்ளுவர் சொன்ன 'நாவினால் சுட்ட வடு' டப்ளினுக்கும் பொருந்தும்.

1914 ஜனவரியில், முடிந்தவர்கள் வேலைக்குத் திரும்பலாம் என்று சங்கமே சொல்ல வேண்டியதாயிற்று. சிலர் சீட்டில் கையெழுத்திட்டுப் போனார்கள், சிலர் இடாமலே சேர்த்துக்கொள்ளப்பட்டார்கள், பலருக்கு வேலையே திரும்பக் கிடைக்கவில்லை. கணக்குப் பார்த்தால் முதலாளிகளுக்கு வெற்றி. ஆனால் அவர்கள் வேண்டியது சங்கம் ஒழிய வேண்டும் என்பது, அது நடக்கவில்லை.

ஓர் அச்சு இயந்திரத்தின் கதை

1914 அக்டோபரில் லார்கின் அமெரிக்கா சென்றார். சங்கமும் இதழும் ஜேம்ஸ் கானலியின் பொறுப்புக்கு வந்தன. இவர் 1868-இல் ஸ்காட்லாந்தின் எடின்பரோவில், ஐரிஷ் பெற்றோருக்குப் பிறந்தவர். லார்கின் இடிமுழக்கம் என்றால் கானலி நிதானமாக யோசித்து எழுதுபவர். அப்போது முதல் உலகப்போர் தொடங்கிவிட்டது. பிரிட்டிஷ் அரசருக்கும் ஜெர்மன் கைசருக்கும் எங்கள் ஊழியம் இல்லை, அயர்லாந்துக்கே என்ற பொருளில் லிபர்ட்டி ஹால் முகப்பில் பதாகை தொங்கியது. 1914 டிசம்பரில் போர்க்காலப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் 'ஐரிஷ் ஒர்க்கர்' ஒடுக்கப்பட்டது. மூன்றரை ஆண்டுகளில் ஏறத்தாழ 190 இதழ்கள் வந்திருந்தன.

கானலி விடவில்லை. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் வேறு பெயரில் அச்சிட்டுத் தருவித்துப் பார்த்தார், அதையும் பறிமுதல் செய்தார்கள். வெளி அச்சகங்கள் பயந்தன. ஆகவே லிபர்ட்டி ஹாலுக்குள்ளேயே ஒரு பழைய அச்சு இயந்திரத்தைக் கொண்டுவந்து நிறுத்தி, 1915 மே மாதம் முதல் 'ஒர்க்கர்ஸ் ரிபப்ளிக்' இதழை வெளியிட்டார்.

1916 ஏப்ரல் 23, ஈஸ்டர் ஞாயிறு. அதே இயந்திரத்தில்தான் ஐரிஷ் குடியரசுப் பிரகடனம் அச்சானது. எழுத்து அச்சுகள் போதவில்லை, வெளியே ஓர் அச்சகத்தில் கடன் வாங்கினார்கள். அப்படியும் பற்றாமல், மேல்பாதியை முதலில் அடித்துவிட்டு, அச்சைப் பிரித்துக் கீழ்ப்பாதியைக் கோத்து மறுபடி அடித்தார்கள். ஒரே எழுத்து வெவ்வேறு வடிவத்தில் இருப்பதை இன்றும் எஞ்சியிருக்கும் படிகளில் காணலாம். ஒரு நாட்டின் பிறப்புச் சாசனம் ஒரு போக்குவரத்துத் தொழிலாளர் சங்கத்தின் அச்சுக்கூடத்தில் பிறந்தது!

எழுச்சி ஒரு வாரத்தில் அடக்கப்பட்டது. கேலிச்சித்திரக்காரர் எர்னஸ்ட் கவனா லிபர்ட்டி ஹால் படிக்கட்டில் குண்டுபட்டு இறந்தார். படுகாயமுற்ற கானலியை மே 12 அன்று நாற்காலியில் உட்காரவைத்துச் சுட்டுக் கொன்றார்கள். அதற்கு முந்தைய நாட்களில் மர்ஃபியின் நாளிதழ், மிச்சமிருக்கும் தலைவர்களுக்கு இரக்கம் காட்டக் கூடாது என்ற பொருளில் தலையங்கம் எழுதியிருந்தது. 1913-இன் பகை 1916 வரை அச்சில் தொடர்ந்தது என்பதற்கு இது சான்று.

சங்கம் மட்டும் சாகவில்லை. 1916-இல் சில ஆயிரம் உறுப்பினர்களாகச் சுருங்கிக் கிடந்தது, 1920-இல் ஒரு லட்சத்தைத் தாண்டியது. 1923-இல் திரும்பிவந்த லார்கின் 'ஐரிஷ் ஒர்க்கர்' இதழை மறுபடி தொடங்கினார். வருத்தம் என்னவென்றால், இம்முறை அது தம் சொந்தச் சங்கத்தின் நிர்வாகிகளையே தாக்கியது. 1924-இல் சங்கம் இரண்டாக உடைந்தது. பிரிந்த இரண்டும் மீண்டும் ஒன்றாகி 'சிப்டு' என்ற பெயர் பெற்றது 1990-இல்தான்.

வி.வி. கிரியும் டப்ளினும்

இனி நம் நாட்டுத் தொடர்புக்கு வருவோம். அன்றைய சென்னை மாகாணத்தின் கஞ்சம் மாவட்டத்தைச் சேர்ந்த பெர்ஹாம்பூரில் 1894-இல் பிறந்த வராககிரி வேங்கட கிரி, 1913-இல் சட்டம் படிக்க டப்ளின் சென்றார். கதவடைப்பு நடந்த அதே ஆண்டு. ஈஸ்டர் எழுச்சிக்குப் பின் அரசின் சந்தேகத்துக்கு ஆளாகி, 1916-இல் அவர் அயர்லாந்தை விட்டு வெளியேற நேர்ந்தது. தொழிலாளர் பணியில், குறிப்பாகப் போக்குவரத்துத் தொழிலாளரிடையே வேலை செய்வதில் தமக்கு நாட்டம் பிறந்தது அயர்லாந்தில்தான் என்று அவரே பின்னாளில் குறிப்பிட்டிருக்கிறார்.

திரும்பி வந்தவர் வழக்கறிஞர் தொழிலோடு நின்றுவிடவில்லை. 1920-களில் வங்காள–நாகபுரி ரயில்வேயில் சங்கம் கட்டினார். அகில இந்திய ரயில்வே ஊழியர் சம்மேளனத்தை உருவாக்கியவர்களில் ஒருவரானார். 1927, 1928 ஆண்டுகளில் கரக்பூர் பணிமனையை மையமாகக் கொண்டு ஆட்குறைப்புக்கு எதிராக நடந்த போராட்டங்களில் அவர் முன்னின்றார். தெலுங்கரும் தமிழருமாகத் தென்னாட்டவர் பெருமளவில் பிழைக்கப் போன ஊர் கரக்பூர். நம் மலரை வாசிப்பவர்களில் யாருடைய தாத்தாவாவது அந்தப் பணிமனையில் வேலை பார்த்திருக்கக்கூடும்! 1937-இல் ராஜாஜி அமைச்சரவையில் கிரி தொழில், தொழிலாளர் துறைக்குப் பொறுப்பேற்றார்.

வரலாறு சில நேரம் விசித்திரமாகத் திரும்பும். 1974 மே 8 முதல் 27 வரை நாடு தழுவிய ரயில்வே வேலைநிறுத்தம் நடந்தது. கிரி உருவாக்க உதவிய அதே சம்மேளனத்தின் தலைவராக அதை நடத்தியவர் ஜார்ஜ் ஃபெர்னாண்டஸ். ஆயிரக்கணக்கானோர் கைதாகி, குடும்பங்கள் ரயில்வே குடியிருப்புகளிலிருந்து வெளியேற்றப்பட்டு, போராட்டம் ஒடுக்கப்பட்டது. அப்போது குடியரசுத் தலைவர் மாளிகையில் இருந்தவர் வி.வி. கிரி. அரசமைப்புப்படி அமைச்சரவையின் முடிவுக்குக் கட்டுப்பட்ட பதவி அது. ஆனாலும் டப்ளினை நினைத்துப் பார்க்கும்போது மனம் கனக்கத்தான் செய்கிறது.

முடிவுரை

1913-இல் டப்ளின் தொழிலாளர் வாங்கிய கூலி எவ்வளவு, எந்தத் தெரு வீடு ஒழுகியது, எந்த ஆலையில் எத்தனை பெண்கள் வெளியேற்றப்பட்டார்கள் என்பதையெல்லாம் இன்றைய ஆய்வாளர்கள் இவ்வளவு விரிவாக எழுத முடிகிறதென்றால், அந்த ஒரு பென்னி இதழ் அதற்கு முக்கியக் காரணம். ஜேக்கப்ஸ் பிஸ்கட் ஆலைத் தொழிலாளியான ரோசி ஹாக்கெட்டின் பெயரை, லிபர்ட்டி ஹாலுக்கு அருகே 2014-இல் திறந்த பாலத்துக்கு டப்ளின் நகரம் சூட்டியிருக்கிறது. ஓர் ஆலைப் பெண்ணின் பெயரை நூறாண்டு கழித்து ஊர் நினைவில் வைத்திருக்கிறது.

கரக்பூருக்கும் பம்பாய்க்கும் நாகபுரிக்கும் ஜாம்ஷெட்பூருக்கும் ரயிலேறிப் போன நம் முன்னோர் என்ன வேலை பார்த்தார்கள், எந்தக் குடியிருப்பில் இருந்தார்கள், 1974-இல் அந்த இருபது நாள் எப்படிக் கழிந்தது என்பதையெல்லாம் யார் எழுதிவைத்திருக்கிறார்கள்? கேட்டுச் சொல்லக்கூடிய பெரியவர்கள் இன்னும் நம் வீடுகளில் இருக்கிறார்கள். பழைய சங்க இதழ்கள் எங்காவது பெட்டியடியில் கிடந்தால் எடைக்குப் போடாமல் எடுத்து வைப்போம். பெரியவர்களிடம் கேட்டு நாலு பக்கம் எழுதி அடுத்த மலருக்குக் கொடுப்போம்.